மங்கல் படத்தை ஷார்ப் பண்ணித் தர்றோம்னா நம்பாதீங்க, எனக்கு 40 டாலர் போச்சு

இப்பதான் அவங்க கடைசி பதில் வந்துச்சு, அந்தக் கோவத்தோடயே டைப் பண்றேன். வேற யாரும் மாட்டக்கூடாதுன்னு என்னென்ன பாக்கணும்னு கடைசில எழுதறேன்.

பாட்டி என் பொண்ணைத் தூக்கி வச்சிருக்கிற படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. பாட்டி இப்ப இல்ல. எடுத்தப்ப ஃபோகஸ் அவங்க மூஞ்சில விழாம பின்னாடி திரைச்சீலைல விழுந்துடுச்சு. பெரிசா பிரிண்ட் போடலாம்னு, படம் சரிபண்ணித் தர்ற ஒரு ஆன்லைன் சர்வீஸ்ல கேட்டேன். சாட்ல வந்தவர் அவ்ளோ தன்மையா பேசினாரு. "ஃபோகஸ் மிஸ் ஆனதா, கவலைப்படாதீங்க, ஷார்ப்பனிங்ல கண் இமை வரைக்கும் கொண்டுவந்துடுவோம்"னாரு. 40 டாலர் கட்டிட்டேன்.

மறுநாள் ப்ரிவ்யூ வந்துச்சு, 600 பிக்சல் அகலம்தான். அதுல பாட்டி கண்ணு பளிச்சுன்னு என்னையே பாத்துச்சு, எனக்கு அழுகையே வந்துடுச்சு, உடனே அப்ரூவ் அமுக்கிட்டேன். அங்கதான் ஏமாந்தேன். லேசா ஃபோகஸ் போன படத்தை அவ்ளோ சின்னதாக்கினாலே ஷார்ப்பாதான் தெரியும், அது எனக்கு அப்ப தோணல.

முழு ஃபைலை 100% ஜூம்ல பாத்தா பாட்டியோட நரைமுடி ஓரம் பூரா பேனாவால இழுத்த மாதிரி வெள்ளைக்கோடு, ஹேலோ. நிழல்ல இருந்த நாய்ஸ், அதான் அந்தப் பொடிப்பொடிப் புள்ளிங்க, எல்லாம் மணலை வாரிக் கொட்டின மாதிரி. கன்னத்துச் சுருக்கம் வெடிச்ச களிமண் கணக்கா இருக்கு, கண்ணு மட்டும் அப்படியே மங்கல். ஒரிஜினலை எடுத்து நானே அன்ஷார்ப் மாஸ்க்ங்கிற சாதாரண ஷார்ப்பனிங் ஃபில்டர்ல அமௌன்ட் 300, ரேடியஸ் 4, த்ரெஷோல்ட் 0ன்னு ரொம்ப அதிகமா வச்சுப் பாத்தேன், கிட்டத்தட்ட அதே படம். அரை நிமிஷ வேலைக்கு 40 டாலர்! அன்ஷார்ப் மாஸ்க் என்ன பண்ணும்? படத்தை மங்கலாக்கி ஒரு நகல் எடுத்து, ஒரிஜினலுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தை மேல ஏத்தும், அதனால ஓரங்கள்ல கான்ட்ராஸ்ட் கூடும், அவ்ளோதான். கேமராவுல பதியாத இமையை அது எங்கேருந்து கொண்டுவரும்? இதையே தொழிலா பண்றவங்களுக்கு இது தெரியாதா?

கேட்டா முதல்ல "உங்க மானிட்டர் பிரச்சனை". ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினா "ஜூம் பண்ணிப் பாக்கக்கூடாது". பெரிசா பிரிண்ட் போடத்தான்னு முதல் மெசேஜ்லயே சொல்லியிருக்கேனேன்னு கேட்டா ரெண்டு நாள் சத்தமே இல்ல, இன்னிக்கு "நீங்க அப்ரூவ் பண்ணிட்டீங்க, ரீஃபண்ட் கிடையாது"ன்னு ஒரே வரி, என் புகார் டிக்கெட்டையும் மூடிட்டாங்க. 40 டாலர் போனதை விட, பாட்டி கண்ணைக் காட்டி ஆசை காட்டினதுதான் தாங்கல.

சரி, இதெல்லாம் பாருங்க. சின்ன ப்ரிவ்யூவை வச்சு அப்ரூவ் பண்ணாதீங்க, முகத்தை மட்டும் 100% அளவுல வெட்டி அனுப்பச் சொல்லுங்க. முடி ஓரத்துல வெள்ளைக்கோடு இருக்கான்னு பாருங்க. ஏஐ வச்சு இமை வரவழைச்சோம்னு சொன்னா அது மெஷின் வரைஞ்ச இமை, உங்க ஆளோடது இல்ல. முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீங்க. இதுக்கு மேல எழுத முடியல, பாட்டி படத்தோட ரா ஃபைலை (கேமரா அப்படியே பதிஞ்ச ஒரிஜினல்) ரெண்டு இடத்துல காப்பி போட்டுட்டு வர்றேன்.