வாக்கிங் ஃபுட்: குழந்தை குவில்ட்டுக்காக வாங்கலாமா?

குழந்தைக்கு வீட்டிலேயே குவில்ட் (மூன்று அடுக்குத் துணியைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) தைப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். மேலே ஒட்டுத்துணி வேலை கச்சிதமாக முடிந்திருக்கும். நடுவில் ஒரு அடுக்கும் அடியில் ஒரு துணியும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது அடித்துணி கொசுவிக்கொள்ளும். அதற்குத் தீர்வு என்று சொல்லி விற்கிற, தையல் மிஷினில் சாதாரண ஃபுட்டுக்குப் பதிலாக மாட்டும் பாகம்தான் வாக்கிங் ஃபுட். பிராண்ட் பெயர் எதுவும் இல்லாமல் ஆன்லைனில் கிடைக்கும் லோ ஷாங்க் (ஃபுட்டைப் பிடிக்கும் தண்டு தாழ்வாக இருக்கும் மிஷின்களுக்கான) வகையைப் பற்றியது இந்த விமர்சனம். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்து டைலரிங் மெட்டீரியல்ஸ் கடைகளில் ஜிப் ஃபுட்டும் பைப்பிங் ஃபுட்டும் சுலபமாகக் கிடைக்கும். இதைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜிக்ஜாக் போடும் வீட்டு மிஷின் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பழைய கறுப்புக் கால் மிஷின் மட்டும் இருந்தால் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் அந்த ஃபுட் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

சாதாரண ஃபுட் துணியை அழுத்திப் பிடிப்பதோடு சரி. துணியை நகர்த்துவது கீழே இருக்கும் பல்தான். அதனால் அடித்துணி முன்னேறும், மேல்துணி பின்தங்கும். நாற்பது இஞ்ச் தைத்து முனைக்கு வரும்போது மேல்துணி அரை இஞ்ச் மிஞ்சி நிற்பது இதனால்தான். வாக்கிங் ஃபுட்டுக்கு அடியில் அதற்கென்றே தனிப் பல் உண்டு. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கவட்டை போன்ற கை, ஊசியைப் பிடிக்கும் திருகின் மேல் உட்காரும். ஊசி ஏறி இறங்கும்போது அந்தக் கையும் ஏறி இறங்கி, மேல் பல்லை நடக்க வைக்கும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் நேருக்கு நேர் கவ்வினால்தான் இரண்டு துணியும் ஒரே அளவு நகரும்.

கறுப்பு மிஷினில் சிக்கல் வருவது இங்கேதான். நேர்த்தையல் மட்டும் போடும் மிஷின்களில் கீழ்ப் பல் குறுகலாக, ஊசியை ஒட்டி இருக்கும். இந்த ஃபுட்டோ ஜிக்ஜாக் மிஷினுக்காகச் செய்தது. அதன் மேல் பற்கள் அகலமாகத் தள்ளி நிற்கும். திருகில் பொருந்தும், கையும் உட்காரும், ஆனால் மேல் பல்லுக்குக் கீழே வெறும் தட்டுதான் இருக்கும். தையல் விழும், பலன் பாதிகூட வராது. கால் மிஷின் வைத்திருப்பவர்கள் பணத்தை மிச்சம் பிடித்து, மூன்று அடுக்கையும் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டுவிடலாம். பழைய வேஷ்டித் துணியில் ஊசி வெண்ணெய் மாதிரி இறங்கும், கைத்தையலும் அதில் அழகாக எடுக்கும்.

வாங்கும் முன் அளந்து பாருங்கள். ஃபுட்டை இறக்கி வைத்து, அதைப் பிடித்திருக்கும் திருகின் நடுவிலிருந்து ஊசித் தட்டு வரை முக்கால் இஞ்ச் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் லோ ஷாங்க். ஒரு இஞ்சைத் தாண்டினால் ஹை ஷாங்க், இது பொருந்தாது. மாட்டும்போது 'கிளிக்' என்று கழற்றும் ஃபுட்டை மட்டும் எடுத்தால் போதாது. அதைத் தாங்கும் பிடியையும் திருகு கழற்றி எடுக்க வேண்டும். ஊசியை உச்சியில் நிறுத்தி, பின்பக்கமாக ஃபுட்டை நுழைத்து, கையை ஊசித் திருகின் மேல் உட்கார வைத்து, ஸ்க்ரூடிரைவரால் இறுக்குங்கள். விரலால் இறுக்கினால் நிற்காது. கரண்டு போடும் முன் சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, ஊசி துவாரத்துக்குள் நேராக இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தைக்கும்போது டக் டக் என்று சத்தம் வரும். அது இயல்பு. அந்த அதிர்வில் ஊசித் திருகு தளர்வதுதான் உண்மையான தொல்லை. ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் ஊசித் திருகு, ஃபுட் திருகு இரண்டையும் ஒரு தடவை இறுக்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஊசி நழுவித் தட்டில் மோதி உடையும். உடைந்த முனை குழந்தையின் துணிக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடைந்தால் எல்லாத் துண்டும் கைக்கு வரும்வரை அடுத்த தையல் போடக்கூடாது.

இனி நடு அடுக்கு. குவில்ட் நன்றாக அமைவதும் கெடுவதும் பாதி இதில்தான். டெல்டாவின் புழுக்கத்துக்குப் பாலியஸ்டர் வாடிங் (நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு) சரிப்படாது. சீக்கிரம் காயும், விலையும் குறைவு, ஆனால் குழந்தையின் முதுகு வேர்த்துவிடும். இலவம்பஞ்சைத் தொடவே வேண்டாம். தலையணைக்கு அதைப்போல ஒன்று கிடையாது, ஆனால் குவில்ட்டில் முதல் சலவையிலேயே ஓரமாக ஒதுங்கி உருண்டையாகிவிடும். தடித்த காட்டன் பேட்டிங் (பருத்திப் பஞ்சு விரிப்பு) ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உள்ளுக்குள் ஈரம் தங்கி வாடை பிடிக்கும்.

இந்த ஊருக்குப் பொருத்தம் பழைய எட்டு முழ வேஷ்டிதான். பல வருடம் துவைத்ததில் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும், சாயமும் போகாது. சுமார் 3.6 மீட்டர் நீளத்தை மூன்றாக வெட்டினால் 1.2 மீட்டரில் மூன்று துண்டு வரும். 36 × 42 இஞ்ச் குவில்ட்டுக்கு அவை மூன்றையும் அடுக்கினால் நடு அடுக்கு தயார். கரையை முதலில் வெட்டி நீக்கிவிடுங்கள். ஜரிகைக் கரை உள்ளே இருந்தால் உறுத்தும், தைக்கும்போது ஊசியையும் மழுங்கடிக்கும். மிருதுவான துணி அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும் என்பதால், வாக்கிங் ஃபுட்டின் அருமை வேஷ்டி அடுக்கில்தான் நன்றாகத் தெரிகிறது.

மேல்துணியும் அடித்துணியும் புதிது என்றால் வெட்டும் முன் துவைத்தே ஆக வேண்டும். கைத்தறியில் கஞ்சி இருக்கும், அது போகாமல் தைத்தால் பின்னால் சுருங்கும். சுங்குடி, அரக்கு, கருநீலம் போன்றவற்றை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி குழந்தைக்கு வேண்டாம்.

அடித்துணியையும் நடு அடுக்கையும் மேல்துணியைவிட நான்கு பக்கமும் இரண்டு இஞ்ச் கூடுதலாக விடுங்கள். அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் இழுபட்டு நிற்கக்கூடாது. ரொம்ப இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி சுருங்கி எல்லாம் கொசுவிவிடும். வேஷ்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கையால் தடவிவிட்டு, மேல்துணியைப் போட்டு, நான்கு இஞ்சுக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். இந்த வேலையில் சோம்பல்பட்டால் எந்த ஃபுட்டாலும் காப்பாற்ற முடியாது. நம் ஊர் ஈரக்காற்றில் சாதாரண ஊக்கு சீக்கிரம் துருப்பிடித்து வெள்ளைத் துணியில் கறை விடும். துருப்பிடிக்காத ஊக்காகப் பார்த்து வாங்குங்கள். குத்தும்போது எண்ணி வைத்து, எடுக்கும்போதும் எண்ணுங்கள். கோடு போட மெழுகு சாக்பீஸ் வேண்டாம், அதன் மேல் இஸ்திரி பட்டால் கறை நின்றுவிடும்.

தையல் நீளம் 3 முதல் 3.5, ஊசி 14 நம்பர், புதிது. ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கும் வசதி மிஷினில் இருந்தால் ஒரு படி குறையுங்கள். நடுக்கோட்டை முதலில் போட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் இரண்டு இஞ்சுக்கு ஒரு கோடாக நகருங்கள். எல்லாக் கோட்டையும் ஒரே ஓரத்திலிருந்து தொடங்குங்கள். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று மாற்றி மாற்றிப் போட்டால் துணி கோணலாக இழுபடும். இந்த ஃபுட்டில் ரிவர்ஸ் போடக்கூடாது. அது முன்னோக்கி நடக்க மட்டுமே செய்தது. தொடக்கத்திலும் முடிவிலும் கால் இஞ்சுக்குத் தையல் நீளத்தை 1-க்குக் குறைத்தால் நூல் பிரியாது. ஜிக்ஜாக்கும் வேண்டாம், நேர்த்தையல் போதும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஃபுட் பருமனானது. தூக்கினாலும் அடியில் இடம் குறைவு என்பதால், லீவரை வழக்கமான உயரத்துக்கு மேலும் தூக்கிப் பிடித்துத்தான் குவில்ட்டை நுழைக்க வேண்டும். கோட்டு இடைவெளிக்காகக் கூடவே வரும் கம்பி பல ஃபுட்டுகளில் இறுக்கமாக நிற்பதில்லை. தைக்கத் தைக்க நகர்ந்து, இரண்டு இஞ்ச் இடைவெளி இரண்டே கால் ஆகிவிடும். கம்பி நுழையும் இடத்தில் டேப் சுற்றினால் நிற்கும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள். அடியில் நூல் வளையமாகத் தொங்கினால், நூலைக் கழற்றி, ஃபுட்டைத் தூக்கி வைத்து மறுபடி கோர்த்துவிடுங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது கோர்த்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் நூல் உட்காராது.

ஓரப் பட்டிக்கு 2.5 இஞ்ச் அகலத்தில் ஐந்து பட்டை வெட்டுங்கள். 44 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் 40 செ.மீ. போதும். கூடுதலாக விட்ட ஓரத்தை வெட்டி நீக்கிய பின் சுற்றளவு 156 இஞ்ச். துணியின் கரை போக, நான்கு பட்டையில் 168 வந்தாலும் இணைப்புகளில் ஏழெட்டு இஞ்ச் போய்விடும், முடிவில் இழுபறியாகும். நேர் ஓரத்துக்குக் கிராஸ் பீஸ் (குறுக்குச் சாய்வாக வெட்டிய பட்டை) தேவையில்லை, நேர்ப் பட்டையே உறுதி. பட்டையை நீளவாக்கில் மடித்து இஸ்திரி போட்டு, பக்கத்தின் நடுவில் தொடங்கி, எட்டு இஞ்ச் வாலை விட்டு, கால் இஞ்ச் உள்ளே தைத்துக்கொண்டு போங்கள். மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்தி, நூலை வெட்டி, பட்டையை மேல்பக்கம் 45 டிகிரி சாய்த்து மடித்து, மறுபடி கீழே இறக்கி, அடுத்த ஓரத்தைத் தொடங்குங்கள். நிறுத்தாமல் ஓரம் வரை தைத்துவிட்டால் அந்த மூலை திரும்பாது, மொட்டையாக உட்கார்ந்துவிடும். வாக்கிங் ஃபுட் பட்டியை அலையில்லாமல் பிடிக்கிறது. குவில்ட்டிங்குக்கு அடுத்தபடி இது நன்றாக உழைப்பது இங்கேதான். பின்பக்கம் கையால் எம்மிங் செய்தால் பார்க்க அழகு. அடிக்கடி துவைக்கும் குழந்தைத் துணிக்கு மிஷின் தையலே நீடிக்கும்.

தைத்து முடித்ததைக் குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாட விடத் தரையில் விரியுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு வயது வரை தூங்கும் குழந்தையைச் சுற்றித் தளர்வான போர்வையோ மெத்தென்ற துணியோ இருக்கக்கூடாது என்பது அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் அமைப்பின் அறிவுரை. தூளிக்குள்ளும் போட வேண்டாம். பொத்தான், மணி, தொங்கும் நூல் எதுவும் வைக்காதீர்கள்.

மற்ற வீட்டுத் தையலில், கட்டம் போட்ட துணியில் தலையணை உறை தைக்கும்போது கட்டத்தோடு கட்டம் சேர்வது இந்த ஃபுட்டில் நன்றாக வருகிறது. வெல்வெட் குஷன் உறைக்கும் சரி. வழுக்கும் லைனிங் வைத்த திரைச்சீலைக்கும் உதவும். ரவிக்கைக்கு மாட்ட வேண்டாம், சின்ன வளைவுகளில் திரும்பாது. கேன்வாஸ் பைக்குக் கைப்பிடி வைக்கும் இடத்தில் ஆறேழு மடிப்பு சேரும்போது, மேட்டில் ஏற முடியாமல் ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நிற்கும். அதே கனத்துக்கு மடித்த துணித்துண்டை ஃபுட்டின் பின்பக்கம் அடியில் கொடுத்து மட்டப்படுத்தினால் தாண்டிவிடும்.