பம்புசெட் கடைக்குத் தபால் விளம்பரம்: யாருடைய முகவரிக்கு அனுப்புவது?

கோபியிலோ பொள்ளாச்சியிலோ பம்புசெட், சொட்டுநீர்க் குழாய் விற்பவருக்கு மூன்று வழி உண்டு. முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கலாம். அஞ்சல் துறையின் டைரக்ட் போஸ்ட்டில் முகவரி எழுதாமலே ஒரு பகுதிக்கு நோட்டீஸ் போடலாம். சொந்த பில் புத்தகத்திலிருந்து சேர்க்கலாம்.

விலைக்கு வருவதில் முதலில் காங்கேயம், தாராபுரம் முகவரிகளைப் பாருங்கள். 'ஈரோடு மாவட்டம்' என்றிருந்தால், 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகுமுன் எழுதியது, அல்லது அதைப் பார்த்து நகலெடுத்தது. அதே பட்டியல் பக்கத்துக் கடைக்கும் போயிருக்கும். காசு தண்டம்.

டைரக்ட் போஸ்ட் புதுக் கிளை திறக்கும்போது உதவும். ஆனால் கிணறு உள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்க முடியாது. நோட்டீஸில் தள்ளுபடிக் கூப்பன் வைத்து, பெயரும் ஊரும் எழுதிக் கொண்டுவரச் சொன்னால் சொந்தப் பட்டியலுக்காவது ஆள் சேரும்.

சொந்தப் பட்டியல் மெதுவாகத்தான் வளரும், ஆனாலும் அதுதான் தேறும். இங்கே சிக்கலே தோட்டத்து முகவரிதான். ஒரே ஊரில் நாலு பழனிசாமி இருப்பார்கள். ஒருவரே 'பழனிச்சாமி' என்று இன்னொரு பில்லிலும் இருப்பார். அதனால் பெயரை வைத்துச் சேர்க்காமல் செல்பேசி எண்ணை வைத்து இரட்டிப்பை நீக்குங்கள். தகப்பனார் இனிஷியல், தோட்டத்துப் பெயர், ஊர், அஞ்சல், பின்கோடு எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் இருக்கட்டும். "உங்களுக்கு எந்த போஸ்டாபீஸுங்க?" என்று பில் போடும்போதே கேட்க வேண்டும்; பல ஊர்களுக்குத் தபால் பக்கத்து ஊர் வழியாகத்தான் வருகிறது. பிரிக்கும்போது மாவட்டத்தை நம்பாதீர்கள்: 642 என்று தொடங்கும் பின்கோடு பொள்ளாச்சிக்கும் வரும், திருப்பூர் மாவட்டத்து உடுமலைக்கும் வரும்.

வாங்கிய பொருளும் தேதியும் எழுதாத பட்டியல் பாதிப் பட்டியல். போன வருசம் மோட்டார் எடுத்தவருக்கு மோட்டார் விளம்பரம் எதற்கு? ஸ்டார்ட்டர், கேபிள், சர்வீஸ் பற்றி அனுப்பலாம். சொட்டுநீர் போட்டவருக்கு ஃபில்டர்.

விளம்பரம் அனுப்பலாமா என்றும் அப்போதே கேட்டுக் குறித்துவையுங்கள். கணினியில் ஏற்றும் தனிநபர் விவரத்துக்கு 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை வலியுறுத்துகிறது. வேண்டாம் என்றவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

முதலில் நூறு கவர் போதும். அனுப்புநர் முகவரி கட்டாயம். திரும்பி வந்த கவரில் தபால்காரர் எழுதிய காரணத்தைப் படித்து, அன்றே போன் போட்டு முகவரியைத் திருத்துங்கள்.