ஒயிட் சாக்ஸ் ரசிகராக சில வருடங்கள்: என் அனுபவம்

ஒயிட் சாக்ஸ் என்பது சிகாகோவின் பேஸ்பால் அணி. எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், அணிக்கு ஒன்று, மைதானத்துக்கு நான்கு.

2005இல் ஹூஸ்டனை 4-0 என்று சுருட்டி உலகத் தொடரை (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) வென்ற அணி இது. 2021இல்கூட 93 வெற்றிகளோடு பிரிவில் முதலிடம். 2023இல் 101 தோல்வி வந்தபோது, இதற்கு மேல் சறுக்க இடமில்லை என்று சிகாகோ தெற்குப் பக்கத்தில் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். இடம் நிறையவே இருந்தது. 2024 சீசனின் முதல் 25 ஆட்டங்களில் 22 தோல்வி.

தொடக்க நாளே டிரெய்லர் காட்டிவிட்டது. இடக்கை பிட்சர் (பந்துவீச்சாளர்) கேரட் குரோஷே, முதல் பந்திலிருந்து அவர் வீசிய முதல் மேஜர் லீக் (உயர்மட்ட பேஸ்பால் லீக்) ஆட்டம் அது. ஆறு இன்னிங்ஸ், எட்டு ஸ்ட்ரைக்கவுட் (மட்டையாளரை அடிக்கவிடாமல் பிட்சரே அவுட்டாக்குவது), விட்டது ஒரே ரன். டெட்ராய்டிடம் 0-1 தோல்வி! பந்துவீச்சைக் குறை சொல்லவே முடியாது, மட்டைதான் ஊமையாகிவிட்டது. போதாக்குறைக்கு மட்டையாளர்கள் ஹிமெனெஸ், ராபர்ட், மொன்காடா மூவரும் இரண்டு வாரத்துக்குள் காயத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நம்பர் ஒன் பிட்சர் டிலன் சீஸை சீசனுக்கு முன்பே சான் டியேகோவுக்குத் தாரை வார்த்தாயிற்று.

ஐபிஎல் என்றால் லீக்கில் 14 ஆட்டம், வலி சீக்கிரம் முடிந்துவிடும். இங்கே 162. ஏப்ரலிலேயே மானம் போன பிறகும் இன்னும் 137 பாக்கி. அந்த மாதக் கடைசியில் டாம்பா பே அணியை மூன்று ஆட்டத்திலும் வென்றார்கள். ஒன்றில் நம்மாள் பெனின்டெண்டி, வழக்கமான ஒன்பதைத் தாண்டிய பத்தாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் (நம்மூர் சிக்ஸர் மாதிரி) அடித்து முடித்தார். ரசிகனைப் பிடித்து வைக்க இந்த மாதிரி ஒன்று போதும், பாருங்கள். அப்புறம் ஜூலை, ஆகஸ்டில் தொடர்ந்து 21 தோல்வி. மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) கிரிஃபோலை நீக்கினார்கள். கடைசிக் கணக்கு 41 வெற்றி, 121 தோல்வி. நவீன காலத்தில் (1901 முதல்) ஒரு சீசனின் மிக அதிகத் தோல்வி.

மைதானத்துக்கு ஏன் நான்கு? வறுத்த வெங்காய வாசனை. அந்த வருடம் புதிதாக வந்த கேம்ப்ஃபயர் மில்க்‌ஷேக்: டம்ளர் விளிம்பில் சாக்லேட்டும் பிஸ்கட் தூளும், மேலே மார்ஷ்மெல்லோ. அணியைவிட அதற்குத்தான் நல்ல பெயர்.

குழந்தைகளோடு போக நல்ல இடம். குரோஷேவை எதிர்பார்த்துப் போகாதீர்கள், 2024 டிசம்பரில் அவரையும் பாஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். வெற்றிதான் வேண்டும் என்றால் இந்த மைதானத்துக்கு வரும் அதே ரெட் லைன் ரயிலில் வடக்கே போய் அடிசனில் இறங்குங்கள். சிகாகோவின் இன்னொரு அணியான கப்ஸின் மைதானம் அங்கேதான். பர்ஸில் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.