செங்குத்து வெக்டர்: எந்த வழி எங்கே காலை வாரும்?

ஒரு வெக்டரைக் கொடுத்தால் அதற்குச் செங்குத்தாக இன்னொரு வெக்டரைக் கண்டுபிடிப்பது எப்படி? இருபரிமாணத்தில் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. (3, 4) கொடுத்தால் இரண்டையும் இடம் மாற்றி, ஒன்றின் குறியைத் திருப்பி (-4, 3) என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். வம்பெல்லாம் முப்பரிமாணத்தில்தான். அங்கே ஒரு வெக்டருக்குச் செங்குத்தாக ஒரு வட்டம் முழுக்கத் திசைகள் கிடக்கின்றன, அதில் எதை எடுப்பது என்று நம் கோட்தான் முடிவு செய்தாக வேண்டும். எல்லா வழிக்கும் (2, 3, 6) என்பதையே போட்டுப் பார்க்கிறேன். நீளம் சரியாக 7, கணக்குச் சுலபம்.

பெரும்பாலானோர் எழுதுவது, இசட் அச்சோடு குறுக்குப் பெருக்கம், அதாவது இரண்டுக்கும் செங்குத்தான வெக்டரைத் தரும் பெருக்கம். (3, -2, 0) வருகிறது, புள்ளிப் பெருக்கம் (உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டுவது, செங்குத்து என்றால் பூஜ்யம்) 6 - 6 = 0, சரிதான். ஆனால் (0, 0, 5) கொடுத்துப் பாருங்கள், (0, 0, 0) வந்து நிற்கும், அதை நீளம் 1 உள்ள அலகு வெக்டராக்கப் போனால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். உடனே "கிட்டத்தட்ட இணையாக இருந்தால் வேறு அச்சு" என்று ஒரு இஃப் போடுவார்கள், கூடவே 0.999 மாதிரி ஒரு எல்லை எண். அது ஏன் 0.99 இல்லை என்று கேட்டால் எழுதியவருக்கே பதில் தெரியாது.

ரேண்டமாக ஒரு வெக்டரை எடுத்து, அதிலிருந்து நம் வெக்டரின் திசையில் இருக்கும் பங்கைக் கழிக்கும் கிராம்-ஷ்மிட் வழியும் உண்டு. எனக்குப் பிடிக்காது. ஒரே உள்ளீட்டுக்கு ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தால் பிழையைத் தேடிப் பிடிப்பது நரகம். போதாததற்கு, இரண்டும் இணையாக நெருங்கும்போது கிட்டத்தட்ட சமமான எண்களைக் கழிக்கிறோம், தசம இலக்கங்கள் கரைந்துபோகும்.

இதற்கெல்லாம் மேல், 1999-இல் கணினி வரைகலை ஆய்வாளர்கள் ஹியூஸும் மோல்லரும் சொன்ன வழி: குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் எது மிகச் சிறிய உறுப்போ அதைப் பூஜ்யமாக்கு, மற்ற இரண்டை இடம் மாற்று, ஒன்றின் குறியைத் திருப்பு. நம் வெக்டருக்கு (0, -6, 3). பெருக்கலே இல்லை, எல்லை எண்ணும் இல்லை. மிஞ்சும் இரண்டும் பெரிய உறுப்புகள் என்பதால் அவற்றின் வர்க்கக் கூட்டுத்தொகை மொத்தத்தில் மூன்றில் இரண்டுக்குக் கீழே போகவே முடியாது, அதாவது விடையின் நீளம் மூலத்தின் நீளத்தில் குறைந்தது 0.816 பங்கு இருக்கும். பத்துப் பரிமாணம் என்றாலும் இதே யோசனைதான்: மிகப் பெரிய உறுப்பையும் இன்னொன்றையும் எடுத்து இடம் மாற்றிவிட்டு, மற்றதெல்லாம் பூஜ்யம்.

அப்புறம் வேகக்காரர்களின் வழி. ஃப்ரிஸ்வாட் 2012-இல் கொடுத்த சூத்திரத்தில் வர்க்கமூலமே கிடையாது. அலகு வெக்டரைக் கொடுத்தால் இரண்டு செங்குத்துகளும் அலகு நீளத்தோடு சேர்ந்தே வந்துவிடும். (2/7, 3/7, 6/7) போட்டால் ஒன்று (87, -6, -26)/91, இன்னொன்று (-6, 82, -39)/91. 87, 6, 26 மூன்றின் வர்க்கங்களையும் கூட்டிப் பாருங்கள், 8281, அதாவது 91-இன் வர்க்கம். அழகுதான், ஆனால் உள்ளே 1 + இசட் என்பதால் ஒரு வகுத்தல் இருக்கிறது. இசட் -1-ஐ நெருங்கினால், குறிப்பிட்ட இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும் ஃப்ளோட் எண்களில் விடை கோணலாகும். இதைப் பிக்ஸாரைச் சேர்ந்த டஃப் குழுவினர் 2017-இல் சரிசெய்தார்கள். இசட்டின் குறியைப் பார்த்துச் சூத்திரத்தைத் திருப்பிவிடுவதால் வகுக்கும் எண்ணின் அளவு எப்போதும் 1-க்கும் 2-க்கும் நடுவில்தான்.

அப்படியானால் இதுவே போதுமே என்று தோன்றும். ஆனால் 1912-இல் கணிதவியலாளர் பிரௌவர் நிறுவிய தேற்றம் ஒன்று குறுக்கே நிற்கிறது: தலையை எப்படிச் சீவினாலும் எங்காவது ஒரு சுழி விழுவதுபோல, எல்லாத் திசைக்கும் விடை தந்து, எங்கும் குதிக்காமல் தொடர்ச்சியாக மாறும் செங்குத்துச் சூத்திரம் முப்பரிமாணத்தில் இருக்கவே முடியாது. நான்கு பரிமாணத்தில் முடியும், இரண்டு இரண்டாக இடம் மாற்றி, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றின் குறியைத் திருப்பினால் போதும். ஆக, குதிப்பை எங்கே வைத்துக்கொள்வது என்பதில்தான் இந்த வழிகள் வேறுபடுகின்றன. ஃப்ரிஸ்வாட்டுக்கு அது ஒரே புள்ளி. பிக்ஸார் சூத்திரத்துக்கு, இசட் பூஜ்யமாகும் நடுக்கோடு முழுவதும். ஹியூஸ்-மோல்லருக்கு, சிறிய உறுப்பு எது என்பது மாறும் கோடுகளில்.

ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து படம் வரையும் சாதாரண பாத் டிரேசிங்கில், பரப்பின் செங்குத்தைச் சுற்றி ரேண்டமாகத்தான் கதிர் விடுகிறோம், குதிப்பு யார் கண்ணிலும் படாது, அங்கே பிக்ஸார் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். கோடு கோடாகத் தேய்த்த எஃகு போல, திசையைப் பொறுத்து மினுங்கும் பரப்பு என்றால் அந்த நடுக்கோடு பளிச்சென்று தெரிந்துவிடும். வளைந்து போகும் கயிறோ குழாயோ வரைந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். முந்தின புள்ளியின் செங்குத்தை எடுத்து, புதிய திசையில் இருக்கும் பங்கைக் கழித்து, நீளத்தைச் சரிசெய்துகொண்டே போனால் முறுக்கு விழாது. மற்றபடி ஏதோ ஒரு செங்குத்து வேண்டும் என்றால் என் ஓட்டு ஹியூஸ்-மோல்லருக்கே, காரணம் அதற்கு அலகு வெக்டர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை. பிக்ஸார் சூத்திரத்துக்கு (2, 3, 6)-ஐ அப்படியே கொடுத்தால் எந்தப் புகாரும் இல்லாமல் (3/7, -6/7, -2) என்று தரும். புள்ளிப் பெருக்கம் போட்டால் ஏறக்குறைய -13.7.