வீட்டில் ஏறும் கம்பம் போட ஆள் தேடுகிறீர்களா? செந்தூலில் எங்களுக்கு நடந்தது

கோலாலம்பூரில் வீட்டுக்கே வந்து ஏறும் கம்பம் போட்டுத் தருவதாக முகநூலில் விளம்பரம் செய்யும் ஒருவரிடம் 4,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) வேலை கொடுத்தோம். கம்பம் என்னவோ நின்றது. பிள்ளையை அதில் ஏற்றத்தான் முடியாது. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மகள் பழகுவது 'சைனீஸ் போல்' (Chinese pole), சர்க்கஸில் ஏறிச் சறுக்கி வித்தை காட்டும் கம்பம். நம் மல்லர் கம்பம் வேறு, அது மரம். விளக்கெண்ணெய் தடவி மண்ணில் புதைத்து நிறுத்துவார்கள். இது இரும்புக் குழாய். மேலே ரப்பர் உறை, 3 முதல் 9 மீட்டர் வரை உயரம். உச்சியிலிருந்து நான்கு பக்கமும் கம்பிக் கயிறு இழுத்துத் தரையில் கட்டுவார்கள். கம்பம் சாயாமல் நிற்பதே அந்தக் கயிறுகளாலும் தரையில் அவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளாலும்தான். சறுக்கி வந்து சட்டென்று பிடித்து நிற்கும்போது ஆளின் எடையைப் போலப் பல மடங்கு இழுப்பு அங்கே போய் விழும்.

எங்கள் வீடு கார்னர் லாட் (வரிசையின் மூலை வீடு), பக்கத்தில் சிமெண்ட் போட்ட இடம் உண்டு. 4 மீட்டர் கம்பம் போதும் என்றோம். கொட்டேஷனில் எல்லாமே நன்றாக எழுதியிருந்தது: கனமான ஸ்டீல் குழாய், ரப்பர் உறை, தரையில் கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை விட்டு இறுக்கும் போல்ட்). பாதிப் பணம் முன்பணம், மீதி வேலை முடிந்த அன்றே. "இதுல யானையே ஏறலாம், அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகளுக்கு இதைப் பழக்கிவிடும் பயிற்சியாளர் அம்மா வந்து பார்த்தார். கம்பத்தின் பக்கம்கூடப் போகவில்லை, நேராகக் கயிற்றுக்குத்தான் போனார். கம்பிக் கயிற்றின் முனையை மடித்துப் பிடிக்க ஒரு கிளிப் போடுவார்கள் இல்லையா, அதில் யு வடிவக் கம்பி ஒன்று, அது உட்கார ஓர் அடிக்கட்டை. அடிக்கட்டை பாரம் இழுக்கும் கயிற்றின் மேல் உட்கார வேண்டும். யு கம்பி வெட்டிவிட்ட வால் பக்கத்தை அழுத்த வேண்டும். எங்கள் வீட்டில் நான்கு மூலையிலும் தலைகீழ். அதுவும் ஒரு முனைக்கு ஒரே ஒரு கிளிப். இந்த வேலை தெரிந்தவர் யாரும் ஒன்றோடு விடமாட்டார்களாம்.

அப்புறம் ஒரு கயிற்றின் டர்ன்பக்கிளை (கயிற்றை இறுக்கும் திருகு) கையால் கொஞ்சம் முறுக்கினார். தரையிலிருந்த போல்ட் சிமெண்ட்டையும் பெயர்த்துக்கொண்டு மேலே வந்தது. பெயர்ந்த துண்டு மேரி பிஸ்கட் கனம்தான் இருக்கும். ஓட்டைக்குள் கெமிக்கலும் இல்லை, ஒன்றும் இல்லை. சுவரில் படம் மாட்டச் செருகும் பிளாஸ்டிக் பிளக் மட்டும் கிடந்தது. குழாயோ சாதாரண ஜிஐ தண்ணீர்க் குழாய். ரப்பர் உறை என்றாரே, அது ஏர்கோன் குழாயில் சுற்றும் கறுப்பு ஃபோம். நகம் பட்டாலே கிழிகிறது.

"பாப்பாவ இதுல ஏத்தாதீங்க, அக்கா. மொதல்ல கழட்டிப் போடுங்க" என்றார் அந்த அம்மா. அன்றைக்கே கழற்றிவிட்டோம்.

கம்பம் போட்டவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "நீங்க ஓவரா முறுக்கிட்டீங்க" என்று பதில் வந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு பெண் கையால் முறுக்கியதற்கே பெயர்ந்து வரும் போல்ட்டில் யானை எப்படி ஏறும்? பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பதிலே இல்லை. நீல டிக் மட்டும் விழுந்தது.

கொட்டேஷனிலிருந்த பதிவு எண்ணை எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனப் பதிவு ஆணையம்) தேடினால் கிரில், அலுமினியக் கதவு வேலை என்று வருகிறது. விளம்பரத்தில் போட்டிருந்த கம்பங்கள் எல்லாம் ஏதோ வெளிநாட்டு சர்க்கஸ் பள்ளியின் படங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முதல் படிவம் கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் 3 வருஷத்துக்குள் போக வேண்டும். கொட்டேஷன், பேங்க் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்தேன். பெயர்ந்த சிமெண்ட் துண்டையும் பிளாஸ்டிக் பிளக்கையும் ஒரு பையில் போட்டிருக்கிறேன், விசாரணைக்குக் கொண்டு போக.

அந்த ஆள் இப்போது வேறு பெயரில் பக்கம் திறந்திருக்கிறார். படங்கள் அதேதான். வேலை கொடுப்பதாக இருந்தால் தரையில் துளை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மீதிப் பணத்தை, பழக்கிவிடுபவர் வந்து கயிற்றை முறுக்கிப் பார்த்த பிறகு கொடுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஆளாக இருந்தால் அப்படியே அனுப்பிவிடுங்கள்.