வேலூர் வெயிலில் ஒரு குழந்தைகள் அறை: கட்டில், மெத்தை, அலமாரி – நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

குழந்தைகளின் படுக்கையறைக்குக் கட்டில் வாங்கும்போது பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது நிறத்தையும் வடிவத்தையும்தான். வேலூரில் குடியிருப்பவர்கள் அதற்கு முன் அறையின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட வேண்டும். சத்துவாச்சாரியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் இரண்டு குழந்தைகளை வளர்த்த அனுபவத்தில் இதை உறுதியாகச் சொல்கிறேன். மகள் மூன்றாம் வகுப்பிலும் மகன் யூ.கே.ஜி.யிலும் இருந்தபோது அந்த அறையை ஏற்பாடு செய்தோம். இப்போது அவள் பத்தாம் வகுப்பு, அவன் ஏழாம் வகுப்பு. இடைப்பட்ட காலத்தில் எது உழைத்தது, எது உழைக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

கடைக்குள் நுழைந்ததும் குழந்தைகள் ஓடிப்போய் ஏறுவது அடுக்குக் கட்டிலில்தான். எங்கள் அறைக்கு அது ஒத்துவராது என்பது அளவெடுத்த உடனே தெரிந்துவிட்டது. அறையின் உயரம் பத்தடி; மின்விசிறியின் இறக்கைகள் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்பதடி உயரத்தில் சுழல்கின்றன. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது என்றால், மெத்தையின் மேல் எழுந்து நிற்கும் நான்கடிக் குழந்தையின் தலை இறக்கைகளின் மட்டத்துக்கு வந்துவிடும். முழங்காலிட்டுக் கையைத் தூக்கினாலும் ஆபத்துதான். மேல்தட்டு ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை கட்டிலிலேயே இருக்க வேண்டும், தடுப்புச் சட்டம் மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும், சட்டங்களுக்கு இடையே 3.5 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. கடையில் பார்த்த கட்டிலில் தடுப்பு போதுமான உயரத்தில்தான் இருந்தது. ஆனால் எட்டங்குல மெத்தையைப் போட்டால் அந்த உயரத்தின் பெரும்பகுதி மெத்தைக்குள் மறைந்துவிடும். மெத்தையின் கனத்தைச் சேர்த்துக் கணக்கிடாமல் தடுப்பின் உயரத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

அதைவிடப் பெரிய காரணம் வெயில். மே மாதத்தில் வேலூரில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை அறைக்குள் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். சூடான காற்றும் மேலேயே தங்கும். கத்திரி வெயில் காலத்தில் அந்த மேல்தட்டில் ஒரு குழந்தை எப்படித் தூங்கும்?

ஆகவே இழுப்புக் கட்டில் செய்தோம். மேலே ஒரு தாழ்வான ஒற்றைக் கட்டில். அதன் அடியில் சக்கரம் வைத்த இன்னொரு கட்டில். பகலில் உள்ளே தள்ளிவிட்டால் குழந்தைகள் விளையாட அறை முழுவதும் கிடைக்கும். மேல்கட்டிலை 75-க்கு 36 அங்குலமாகவும், அடிக்கட்டிலை 72-க்கு 36 ஆகவும் செய்யச் சொன்னோம். இவை எந்த மெத்தைக் கடையிலும் கிடைக்கும் அளவுகள். கார் வடிவத்திலும் வீட்டு வடிவத்திலும் வரும் ஐந்தடிக் கட்டில்கள் அழகானவைதான்; ஆனால் நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே கால் வெளியே நீட்டத் தொடங்கிவிடும். அந்த அளவுக்கு மெத்தையும் தனியாகச் சொல்லித்தான் தைக்க வேண்டும்.

கட்டிலைச் செய்த ஆசாரி முன்யோசனை உள்ளவர். பிற்காலத்தில் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கட்டில் தேவைப்படும் என்று தாமே சொல்லி, அடிக்கட்டிலின் நான்கு மூலைகளிலும் கால் பொருத்துவதற்கான கட்டைகளை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். மகன் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கால்களைப் பொருத்தினோம். அடிக்கட்டில் தனிக் கட்டிலாகி அடுத்த அறைக்குப் போய்விட்டது. இந்த ஒரு ஏற்பாட்டினால் புதிதாக ஒரு கட்டில் வாங்க வேண்டிய தேவையே எழவில்லை. ஆசாரியிடம் செய்யச் சொல்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும். சக்கரங்கள் ரப்பராக இருப்பது முக்கியம். கெட்டியான பிளாஸ்டிக் சக்கரத்தில் ஒரு மணல் துகள் ஒட்டினாலும் டைல்ஸில் கோடு விழும்.

சட்டங்களுக்கும் கால்களுக்கும் நாட்டுத் தேக்கு, படுக்கும் பலகைக்குப் பிளைவுட். மரவாடியில் எவ்வளவு பேரம் பேசினாலும், மரம் நன்றாகக் காய்ந்ததா என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஈரமுள்ள மரம் நம் ஊர்க் கோடையில் சுருங்கி மூட்டுகளில் இடைவெளி விடும். பிளைவுட்டுக்கான இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 303 முத்திரையையும், அதில் கொதிநீரைத் தாங்கும் வகையைக் குறிக்கும் பி.டபிள்யு.ஆர். என்ற எழுத்துகளையும் பார்த்து வாங்கினோம். அந்தப் பலகையில் வரிசையாகத் துளைகள் போட்டிருக்கிறோம். துளையில்லாத பலகையின் மேல் மெத்தை போட்டால் வியர்வையின் ஈரம் அடியிலேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

மெத்தையைப் பொறுத்தவரை, அனல் அடிக்கும் அறைக்கு ரப்பர் கலந்த தேங்காய்நார் மெத்தையே ஏற்றது என்பது என் முடிவு. தடித்த ஃபோம் மெத்தை உடம்பைச் சுற்றிச் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேங்காய்நாரின் குறை, ஒரே இடத்தில் படுத்தால் அங்கே குழி விழுவது. மாதம் ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டுவந்ததால் எங்கள் மெத்தைகளில் குழி தாமதமாகத்தான் விழுந்தது. படுக்கையை நனைக்கும் வயதில் ரெக்சின் விரிப்பு வேண்டாம். குழந்தை வியர்வையில் ஊறிவிடும். மேலே பருத்தித் துணியும் அடியில் மெல்லிய நீர்த்தடுப்புப் படலமும் உள்ள உறையே போதும். சித்திரை, வைகாசியில் மெத்தையின் மேல் ஒரு வந்தவாசிக் கோரைப்பாயை விரித்துவிடுகிறோம். குழந்தைகள் அதை விரும்பியே கேட்கிறார்கள்.

என் மனக்குறையெல்லாம் அலமாரியின் மீதுதான். ஆயத்தமாக வாங்கிய அது பார்ட்டிகிள் போர்டால் ஆனது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை. இரண்டாம் ஆண்டிலேயே அடிப்பலகையின் விளிம்பில் ஒட்டியிருந்த பட்டி பிரிந்தது. அதன் வழியே தரை துடைக்கும் ஈரம் நாள்தோறும் உள்ளே ஏறி, தேநீரில் நனைத்த ரஸ்க் போலப் பலகை உப்பிவிட்டது. உப்பிய இடத்தில் திருகாணி பிடிக்காது. கீல் தொங்கி, கதவு தரையை உரசியது. பாலாற்றில் வெள்ளம் பெருகிய 2021 நவம்பர் மழையில் சுவரில் ஓதம் ஏறி, பின்பலகை முழுவதும் பூஞ்சை பூத்தது. அதற்குப் பிறகு பிளைவுட்டில் செய்த அலமாரி, தரையிலிருந்து நான்கங்குலக் கால்களின் மேல், சுவரைவிட்டு மூன்றங்குலம் தள்ளி நிற்கிறது. கரையான் ஏறினாலும் மண்கோடு கண்ணில் பட்டுவிடும்.

தள்ளி நின்றாலும் அது சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைக்கப்பட்டிருக்கிறது. இழுப்பறைகளைப் படிகளாக்கி ஏறுவது குழந்தைகளின் இயல்பு. அப்படிச் சாய்ந்த அலமாரிகளின் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால், 2016-ல் அறைகலன் விற்கும் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. இரண்டு திருகாணிகளில் முடியும் இந்த வேலையை யாரும் ஒத்திப்போட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

புதுப் பலகையின் நெடியையும் அலட்சியப்படுத்தக் கூடாது. பலகைப் பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. வெப்பம் கூடக்கூட அது அதிகமாக வெளியேறும் என்பதால், நம் ஊரில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. அது குறைவாக வெளியேறுவதைக் காட்டும் இ-1 அல்லது இ-0 என்ற குறியீடு உள்ள பலகையாகக் கேட்டு வாங்கலாம். பிளைவுட் அலமாரி வந்தபின் கதவுகளையும் சன்னல்களையும் திறந்துபோட்டு, நெடி அடங்கிய பிறகே துணிகளை அடுக்கினோம். வண்ணம் பூசுவதாக இருந்தால், ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மிகாத வண்ணப்பூச்சா என்பதை டப்பாவில் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் முதல் நாட்டில் இதுவே சட்டம். பல் முளைக்கும் குழந்தை கட்டிலின் விளிம்பைக் கடிக்காமல் விடாது.

படிப்பு மேசையைப் பெரியவர்களின் 30 அங்குல உயரத்திலேயே செய்து, நாற்காலியின் முன் கால் வைக்க ஒரு பலகையைப் போட்டோம். வளர வளரப் பலகையை எடுத்துவிட்டால் போதும். மேசையை மாற்ற வேண்டியதில்லை.

இழுப்புக் கட்டிலின் மூட்டுகளை ஆணியடித்து இறுக்காமல் போல்ட் வைத்துப் பூட்டச் சொன்னதன் பலன் இன்றும் கிடைக்கிறது. கோடையில் மரம் சுருங்குகிறது, ஐப்பசி மழையில் ஊதுகிறது. இதனால் ஆண்டுதோறும் மூட்டு சற்றுத் தளர்ந்து, புரண்டு படுக்கும்போது கிறீச்சிடும். முழு ஆண்டு விடுமுறையில் ஒருமுறையும் பொங்கலுக்கு முன் ஒருமுறையும் போல்ட்டுகளை முறுக்கிவிடுகிறோம். அப்போதே அடியில் உளுத்தூள் கொட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். இப்போது இந்த வேலையை மகனே செய்கிறான்.