சக்கரப் பூட்டு நட்டுகளை வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா?

நம் தெருக்களில் நிற்கும் கார்களில் பெரும்பாலானவற்றின் சக்கரங்களைக் கழற்ற இரண்டே இரண்டு பாக்ஸ் ஸ்பேனர்கள் போதும். மாருதி, ஹோண்டா கார்களின் வீல் நட்டுகளுக்கு 19 மி.மீ.; ஹூண்டாய், டொயோட்டா கார்களுக்கு 21 மி.மீ. இவை எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். நெடுஞ்சாலையில் பஞ்சரானால் நமக்குக் கைகொடுப்பது இந்த எளிமைதான். இரவில் தெருவோரம் நிறுத்திய காருக்கு ஆபத்தாக அமைவதும் இதே எளிமைதான். ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள நான்கு அல்லது ஐந்து நட்டுகளில் ஒன்றை மட்டும் மாற்றி, அறுகோணத் தலைக்குப் பதிலாக வளைந்து நெளிந்த பள்ளம் கொண்ட நட்டைப் போட்டு, அந்தப் பள்ளத்தில் மட்டும் சரியாக உட்காரும் சாவியை உரிமையாளரிடம் தருவதே பூட்டு நட்டு ஏற்பாடு. அலாய் சக்கரங்களோடு வரும் கார்கள் சிலவற்றில் இது முன்பே பொருத்தப்பட்டிருக்கும். மற்றவர்கள் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

இதை வைத்துக்கொள்வதா, சாதாரண நட்டுக்குத் திரும்பிவிடுவதா என்ற கேள்விக்கு இரண்டு விடைகளையும் நான் வாழ்ந்து பார்த்திருக்கிறேன். முந்தைய காரில் பூட்டு நட்டுகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். இப்போதைய காரில் அவற்றை விடாமல் வைத்திருக்கிறேன். இந்த இரண்டு முடிவுகளும் அந்தந்த நேரத்தில் சரியானவையே என்று இன்றும் நினைக்கிறேன். ஏன் என்பதைச் சொல்ல, முதலில் பூட்டு நட்டின் குறையிலிருந்து தொடங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து தெற்கே போகும் வழியில், உளுந்தூர்பேட்டைக்கு முன்பாக, இரவு பதினொரு மணிக்குப் பின்சக்கர டயரின் பக்கச்சுவர் கிழிந்தது. ஸ்டெப்னியில் காற்று இருந்தது, ஜாக்கி இருந்தது, வீல் ஸ்பேனரும் இருந்தது. சாவி மட்டும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் டயர்களை இடம் மாற்றிய கடையில், வேலை முடிந்ததும் அதை என் டிக்கியில் திரும்ப வைக்காமல் தங்கள் கருவிகளோடு சேர்த்து எடுத்து வைத்துவிட்டார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. மூன்று நட்டுகளைக் கழற்றிவிட்டு நான்காவதன் முன் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். அருகிலிருந்த பஞ்சர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "சாவி இல்லாம இதத் தொட்டா ரிம்மு போயிடும் சார்" என்று நேர்மையாகச் சொன்னார். கார் இழுவை வண்டிமேல் ஏறித்தான் ஊர் போய்ச் சேர்ந்தது. சாதாரண நட்டாக இருந்தால் இருபது நிமிட வேலை.

அவர் சொன்னது மிகையில்லை. சாவி தொலைந்த பூட்டு நட்டை எடுக்கப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. சற்றுச் சிறிய பன்னிருமுனை சாக்கெட் ஒன்றை நட்டின் தலைமேல் சுத்தியலால் அடித்து இறக்கித் திருகலாம். உள்ளே எதிர்த்திசையில் மரை வெட்டிய கடினமான சாக்கெட்டால் கடித்துப் பிடித்து எடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் நட்டின்மேல் வேறொரு நட்டை வெல்டிங் செய்து கழற்றலாம். அலாய் சக்கரத்தில் நட்டு உட்காரும் குழி குறுகலானது என்பதால், முதல் இரண்டு வழிகளிலும் குழியின் விளிம்பு சிராய்வதைத் தவிர்ப்பது கடினம். மூன்றாவதில் வெப்பம் பெயின்ட்டைக் கருக்கும். தரமான பூட்டு நட்டுகளில் வெளியே தானாகச் சுழலும் ஒரு வளையம் இருக்கும்; சாக்கெட்டை அடித்து இறக்கினால் வளையம் மட்டுமே சுற்றும், நட்டு அசையாது. திருடனைத் தடுக்கும் இந்த அமைப்பு, சாவியைத் தொலைத்த உரிமையாளரையும் அதே கடுமையோடு தடுக்கும்.

சாவி தொலைவதைவிட அதிகம் நடப்பது சாவி தேய்வது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றினால், 60,000 கிலோமீட்டருக்குள் ஆறு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு சக்கரங்களிலும் ஒருமுறை கழற்றல், ஒருமுறை முடுக்கல். அந்தச் சிறிய சாவி 48 முறை பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. பிரேக் வேலையும் பஞ்சரும் இதில் சேரவில்லை. இதைக் கையால் செய்தால் சாவி பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் டயர் கடைகளில் காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் கன் வைத்தே முடுக்குகிறார்கள். ஹோண்டா கார்களுக்குச் சொல்லப்படும் முடுக்கு விசை 108 நியூட்டன் மீட்டர். ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 120. கடையிலுள்ள ஏர் கன் பல நூறு நியூட்டன் மீட்டர் வரை கொடுக்க வல்லது. அதுவும் சீராகத் தராமல் தட்டித் தட்டித் தருகிறது. அறுகோண நட்டு அந்த அடியை ஆறு பக்கங்களிலும் பகிர்ந்து வாங்கிக்கொள்ளும். பூட்டு நட்டின் பள்ளமோ இரண்டு மூன்று மி.மீ. அகலம்தான், சாவியின் மெல்லிய விளிம்பு அந்த அடியில் முதலில் மழுங்கும், பிறகு ஒரு நாள் உடையும். பூட்டு நட்டு செய்யும் மக்கார்ட் போன்ற நிறுவனங்கள் தங்கள் பொருளில் ஏர் கன் போன்ற இம்பாக்ட் ரென்ச் வைக்கவே கூடாது என்று அறிவுறுத்துகின்றன. பூட்டு நட்டின் முதல் எதிரி திருடன் அல்ல, அவசரமாக வேலை முடிக்கும் ஏர் கன்தான் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவையும் சொன்ன பிறகு, பூட்டு நட்டு உண்மையில் என்ன தருகிறது என்பதையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும். காரைச் செங்கல் அடுக்கின்மேல் நிறுத்திவிட்டு நான்கு அலாய் சக்கரங்களையும் கொண்டுபோகும் திருட்டு, டெல்லியிலும் குருகிராமிலும் பல ஆண்டுகளாகச் செய்தியாக வந்துகொண்டே இருக்கிறது. சாதாரண நட்டு போட்ட சக்கரத்தைச் சத்தமின்றி, நீளமான கைப்பிடி கொண்ட ஸ்பேனரால், மிகக் குறைந்த நேரத்தில் எடுத்துவிடலாம். பூட்டு நட்டு இருந்தால் திருடனும் மேலே சொன்ன மூன்று வழிகளில் ஒன்றைத்தான் நாட வேண்டும். இரும்பை இரும்பால் அடிக்கும் ஓசை நள்ளிரவில் தெரு முழுவதும் கேட்கும். நான்கு சக்கரங்களுக்கும் நான்கு முறை அடிக்க வேண்டும். அந்த நேரமும் ஓசையும்தான் பூட்டு நட்டின் முழுப் பயன். யாரும் இல்லாத வெட்டவெளியில் நிறுத்திய காருக்கு இந்தப் பயன் பெரிதும் குறைந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் குறிப்பிட்ட சில வடிவங்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்களுக்கென்று இருபது சாவிகள் கொண்ட பெட்டிகள் மெக்கானிக்குகளுக்காக வெளிப்படையாகவே விற்கப்படுகின்றன. நல்ல கடைக்காரர் கையில் இருக்கும் அந்தப் பெட்டி தவறான கைக்குப் போகாது என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே கார் நிறுவனம் தந்த பூட்டைவிட, அதிக வடிவங்களில் செய்யப்படும் தனித் தயாரிப்பு மேலானது. ஆனால் மிக மலிவானதைத் தேடிப் போனால் நிலைமை தலைகீழாகும்: அங்கே சாவியும் நட்டும் மென்மையான எஃகு, இரண்டாம் முறை கழற்றும்போதே பள்ளம் அகன்றுவிடும். மலிவான பூட்டு நட்டு, சாதாரண நட்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், யோசிக்காமல் சாதாரண நட்டையே எடுப்பேன்.

தனியாக வாங்குபவர்கள் பொருத்தம் பார்ப்பதில் தவறினால், திருட்டைவிடப் பெரிய ஆபத்து வந்து சேரும். மாருதி காரின் ஸ்டட் (நட்டு ஏறும் மரைத்தண்டு) 12 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.25 மி.மீ.; ஹூண்டாய், ஹோண்டா கார்களில் விட்டம் அதே 12 என்றாலும் இடைவெளி 1.5. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஏர் கன் வைத்து ஏற்றினால் மரை அழிந்துவிடும். போலோவில் நட்டே கிடையாது, 14 மி.மீ. போல்ட். அதைவிட நுட்பமானது நட்டு சக்கரத்தோடு சேரும் முகம். பலவற்றில் அது 60 பாகைக் கூம்பு. ஹோண்டாவின் சொந்தச் சக்கரங்களில் பந்து போன்ற வளைவு. கூம்புக் குழியில் பந்துமுக நட்டைப் போட்டால், முடுக்கியதுபோல் தெரிந்தாலும் சிறு வளையத்தில் மட்டுமே தொடும், ஓட்டத்தில் தளர்ந்துவிடும். அலாய் சக்கரத்தை வெளியில் வாங்கி மாட்டியவர்கள், காரின் பெயரைச் சொல்லி நட்டு வாங்காமல், சக்கரத்தின் குழியைப் பார்த்து வாங்க வேண்டும்.

பணக் கணக்கில் இன்ஷூரன்ஸைச் சேர்க்காமல் இந்த ஒப்பீடு முழுமை பெறாது. திருடு போனால் கிளெய்ம் செய்துகொள்ளலாமே என்று பூட்டை வேண்டாம் என்பவர்கள் உண்டு. முழுமையான பாலிசியில் டயருக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிப்பார்கள், 1500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் கட்டாயமாக நம் பங்கு. வெளியில் வாங்கிய அலாய் சக்கரத்தைப் பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டிருக்காவிட்டால் அதற்கு ஈடு எதிர்பார்க்க முடியாது. இவை எல்லாவற்றையும்விட வலிப்பது நோ கிளெய்ம் போனஸ்: முதல் ஆண்டு 20, பிறகு 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு தள்ளுபடியை எட்டியவர், நான்கு சக்கரத்துக்காக ஒரு கிளெய்ம் போட்டால், அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தாலொழிய, அடுத்த புதுப்பிப்பில் பூஜ்ஜியத்துக்கு இறங்குவார். சில ஆயிரம் ரூபாய் பூட்டு இந்த இடத்தில் தன் விலையை நியாயப்படுத்துகிறது.

ஸ்டெப்னி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேல்ஸின் லானெல்லி ஊரில் ஸ்டெப்னி வீதியில் 1904ஆம் ஆண்டுவாக்கில் உருவான மாற்றுச் சக்கரத்தின் பெயர், பிறந்த நாட்டில் மறைந்து நம் பஞ்சர் கடைகளில் இன்றும் வாழ்கிறது. இன்னோவா, எர்டிகா போன்றவற்றில் அது வண்டிக்கு அடியில் தொங்குகிறது. மஹிந்திரா தார் வண்டியில் பின்கதவில் இருக்கிறது. இதைத் திருட ஜாக்கியும் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம். அடியில் தொங்குவது போனால் அடுத்த பஞ்சர் வரை தெரியாமலே இருக்கலாம். எனவே ஓடும் சக்கரங்களில் பூட்டு வேண்டாம் என்று முடிவு செய்பவர்களும் வெளியே தொங்கும் ஸ்டெப்னிக்குப் பூட்டு போடுவதே சரி. அதைத் தொடும் தருணங்கள் மிகக் குறைவு என்பதால் சாவி தேயும் கவலையும் அங்கே இல்லை.

மாறாக, ஸ்டெப்னியே இல்லாத கார்கள் இப்போது பெருகுகின்றன. டயர் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் இருந்தால் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. அத்தகைய காரில் ட்யூப்லெஸ் டயரின் ஆணி ஓட்டையைச் சக்கரத்தைக் கழற்றாமலேயே அடைக்கலாம். பக்கச்சுவர் கிழிந்தால் எப்படியும் தூக்கிச் செல்லத்தான் வேண்டும். சாவி இல்லாமல் நடுவழியில் நிற்கும் அச்சம், அதாவது பூட்டு நட்டுக்கு எதிரான வலுவான வாதம், அங்கே பாதிக்குமேல் கரைந்துவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு காரைப் பொறுத்ததைவிட அது இரவில் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இரும்புச் சக்கரமும் அதன்மேல் வீல் கப்பும் உள்ள கார் எங்கே நின்றாலும் பூட்டு நட்டு தேவையில்லை. அலாய் சக்கரம் இருந்தும் கேட்டுக்குள்ளோ காவலாளி உள்ள வளாகத்திலோ நிற்கும் காரில், அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர் என்றால், நான்கையும் கழற்றிச் சாதாரண நட்டு போட்டுக்கொள்வது நல்லது. அந்த உளுந்தூர்பேட்டை இரவுக்குப் பிறகு நான் செய்ததும் அதுவே, அப்போது என் கார் வீட்டு மதிலுக்குள் நின்றது. இப்போது குடியிருக்கும் தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. கார் இரவு முழுவதும் மரத்தடியில், வீடுகளுக்கு எதிரே நிற்கிறது. சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கும் தெரு அது. அங்கே பூட்டு நட்டைக் கைவிடுவது தவறு என்பதால் வைத்திருக்கிறேன்.

வைத்திருப்பவர் சில வேலைகளைத் தள்ளிப்போடக் கூடாது. சாவியோடு வந்த அட்டையிலுள்ள எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து, அட்டையை வீட்டில் ஆர்.சி. நகலோடு வைக்க வேண்டும். அந்த எண் இருந்தால் மாற்றுச் சாவி வரவழைக்கலாம். பழைய கார் வாங்குகிறவர் பணம் கொடுக்கும் முன்பே சாவியைக் கேட்டு வாங்கி, நான்கு நட்டிலும் வைத்துப் பார்த்துவிட வேண்டும். டயர் கடையில் பூட்டு நட்டைக் கையால் கழற்றிக் கையால் முடுக்கச் சொல்ல வேண்டும். மறுப்பவர்கள் குறைவு, நாம்தான் கேட்பதில்லை. மரையில் கிரீஸ் தடவ விடக் கூடாது. வழுக்கும் மரையில் அதே விசை நட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிடும். சாவியின் விளிம்பில் பளபளப்பான மழுங்கல் தெரிந்தாலோ, திருகும்போது அது பள்ளத்தில் ஆடினாலோ, அது இன்னும் கழற்றக்கூடிய நிலையில் இருக்கும்போதே நான்கு நட்டுகளையும் எடுத்துவிட வேண்டும். நான் ஒவ்வொரு முறை டயர் இடம் மாற்றும்போதும் சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். நான்கு சாதாரண நட்டுகள் அதற்காகவே ஸ்டெப்னிக் குழியில் துணியில் சுற்றி இருக்கின்றன.